மார்கழிப் பாய்ச்சல், மாசிக் காய்ச்சல்: சிங்கப்பூர்ப் பாத்திக்கும் காரிடார்ச் செடிக்கும் முழுமையான வழிகாட்டி

எங்கள் பூங்காவில் புதிதாக வாடகைப் பாத்தி எடுத்தவர்கள் வருத்தத்தோடு நிற்பதை நான் வருடத்தில் இரண்டு முறை பார்ப்பேன். முதல் முறை டிசம்பர் கடைசியில், வேர் அழுகிய மிளகாய்ச் செடியைக் கையில் பிடித்தபடி. இரண்டாம் முறை பிப்ரவரி நடுவில், அத்தனை மழைக்கும் தப்பித்த கத்திரி இப்போது ஏன் காய்கிறது என்று புரியாமல்.

இந்தப் பருவம் ஒன்று இல்லை, இரண்டு. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் தொடங்கி மார்ச் முற்பகுதி வரை நீடிக்கிறது என்கிறோம். அதில் ஜனவரி நடுப்பகுதி வரை பாய்ச்சல், அதற்குப் பிறகு காய்ச்சல். டிசம்பரில் சராசரியாக 330 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பிப்ரவரியில் 105 மில்லிமீட்டர்தான், வருடத்திலேயே குறைவு. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் 255 மில்லிமீட்டர் கொட்டியது. ஒரு ஜனவரி மாதம் முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அது அதிகம்.

ஆகவே முதல் பாதிக்காகச் செய்த ஏற்பாடுகளில் பாதியை ஜனவரி கடைசியில் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும். கீழே உள்ள வரிசை அதை மனத்தில் வைத்துப் போட்டது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. அக்டோபரில்: வெயில் எந்தப் பக்கம் விழுகிறது?

மண்ணைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள். செடியை எங்கே வைப்பது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

நிலநடுக்கோட்டின் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்க வெயில் ஒரே மாதிரி விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை சூரியன் நமக்குத் தெற்கே போகிறது. டிசம்பர் 21 வாக்கில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து தெற்கே 25 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கும். பாட்டி சொல்லும் தட்சிணாயனம், உத்தராயணமெல்லாம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் காரிடாரில் நேரடியாகத் தெரியும் சங்கதிகள்.

வடக்கு பார்த்த காரிடாரில் ஜூன் மாதம் வெயில் அடித்திருக்கும். நவம்பரில் அதே இடத்தில் நேர் வெயில் துளிகூட விழாது. செடி நோஞ்சானாகி நீளும்; வீட்டுக்காரர் உரம் போடுவார்; இன்னும் நீளும். தேவைப்பட்டது வெளிச்சம். தெற்கு பார்த்த காரிடார்க்காரருக்கு இதுதான் நல்ல பருவம், மேகம் விட்டுக்கொடுக்கும் அளவுக்கு. நவம்பர், டிசம்பரில் வெயில் நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். பிப்ரவரியில் ஆறு மணி நேரத்துக்கு மேல்.

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு மணிக்குக் காரிடாரைக் கைப்பேசியில் படம் எடுங்கள். டிசம்பரில் ஒரு முறை, பிப்ரவரியில் ஒரு முறை திரும்ப எடுங்கள். மூன்று வருடம் செடி வைத்த பிறகுதான் நான் இதைச் செய்தேன். முதலிலேயே செய்திருந்தால் இரண்டு எலுமிச்சைச் செடி பிழைத்திருக்கும்.

தொட்டிகளை நகர்த்தும்போது காரிடாரில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வெயிலுக்கு ஆசைப்பட்டு கைப்பிடிச் சுவர்மேல் தொட்டியைத் தூக்கி வைக்கவே கூடாது. மழைக் காற்றில் அது கீழே போனால் செடியோடு முடிகிற விஷயம் இல்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

மழை தொடங்கிய பிறகு கடைக்கு ஓட வேண்டாம். முன்கூட்டியே எடுத்து வையுங்கள்: ரப்பர் கையுறை, முழுக்கால் மூடும் பூட்ஸ், கைமுள் (மண் கிளறும் சிறிய முட்கருவி), பெர்லைட் (மண்ணைப் பொலபொலப்பாக்கும் வெள்ளைக் குருணை) ஒரு பை, முதிர்ந்த கம்போஸ்ட், தொட்டியை உயர்த்த ஓட்டுத் துண்டுகளோ பழைய ஓடுகளோ, நல்ல டார்ச், செடி கட்டத் துணி நாடா, கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ குருணை.

கையுறையும் பூட்ஸும் சுத்தத்துக்காக மட்டும் இல்லை. மெலியோய்டோசிஸ் என்ற தொற்றை உண்டாக்கும் கிருமி இங்குள்ள மண்ணிலும் சேற்றுநீரிலும் இருக்கிறது. கனமழைக் காலத்தில் நோய் கூடுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு எது? கையில் சிராய்ப்பு இருந்தால் அன்று சேற்றில் கை வைக்க வேண்டாம். மண் வேலை செய்த சில நாட்களில் விடாத காய்ச்சல் வந்தால், தோட்டத்தில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

3. வடிகால்: மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால்

புதியவர்கள் முதலில் விதை வாங்குகிறார்கள், அப்புறம் உரம், கடைசியில்தான் வடிகால் நினைவுக்கு வருகிறது. அதற்குள் மண் சேறாகியிருக்கும். இந்த வேலையை அக்டோபர் கடைசிக்குள், மண் ஓரளவு காய்ந்திருக்கும்போது முடிக்க வேண்டும்.

மண்ணில் காற்று இருக்கும் இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சு விட முடியாது. அழுகல் அதற்குப் பிறகு வருவது. செடியைக் கொல்வது தண்ணீரைவிடக் காற்றில்லாமைதான். இது மனதில் பதிந்தால் அடுத்த வேலைகள் தானே புரியும்.

முதலில் சோதனை. பாத்தியின் நடுவில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு அளவுகோலைச் செருகி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நீர்மட்டம் 2.5 சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் டிசம்பரைத் தாங்காது.

தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைப் பாத்திகள் 2.5 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், தரையிலிருந்து உயர்த்திய அமைப்பு. உயர்ந்திருப்பதால் நீர் தேங்காது என்று நம்பிவிட வேண்டாம். நடுவில் மண் அமுங்கிக் கிண்ணம் மாதிரி ஆகியிருக்கும். முந்தைய குத்தகைக்காரர் போட்ட மண் அடியில் இறுகிப்போயிருக்கும். கைமுள்ளால் ஒரு சாண் ஆழம் கிளறி, கம்போஸ்ட்டும் பெர்லைட்டும் கலந்து, நீளவாக்கில் இரண்டு கரைகளாக மண்ணைக் கூட்டுங்கள். ஒவ்வொன்றும் 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரம் போதும். நடுவில் ஒரு வாய்க்கால். செடி கரைமேல், தண்ணீர் வாய்க்காலில். ஊரில் மஞ்சளுக்குப் பார் பிடிப்பார்களே, அதுவேதான், சிறிய அளவில்.

நர்சரிகளில் மலிவாகக் கிடைக்கும் சிவந்த சுட்ட மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பையில் கட்டி கட்டியாக, நீர் நன்றாக வடிகிற மாதிரி இருக்கும். தனியாகப் போட்டால் சில மாதத்து மழையில் கட்டிகள் கரைந்து பூசினாற்போல் இறுகிவிடும். நான் சுட்ட மண் இரண்டு பங்கு, கம்போஸ்ட் ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு என்று கலக்கிறேன்.

தொட்டிக்கு வருவோம். அடியில் சரளைக்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று நம்மில் பாதிப் பேர் நம்புகிறோம். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் கையில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடியுங்கள்: மறுபடி சொட்டும். பஞ்சின் அடிப்பகுதி எப்போதும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உயரம் கூடினால் அந்த ஈரப்பகுதி மொத்தத்தில் சின்னதாகிவிடுகிறது. தொட்டி மண்ணும் அப்படித்தான். அடியில் கல் போட்டால் மண்ணின் உயரம் குறைந்து, ஈரப்பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. கல்லை எடுத்துவிட்டு மண்ணை நிரப்புங்கள், தொட்டியை ஓட்டுத் துண்டின்மேல் உயர்த்துங்கள், ஓட்டையை வேர் அடைத்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள்.

மழை தொடங்கிவிட்ட பிறகு இந்தப் பகுதியைப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிடியுங்கள். உருண்டை பளபளவென்று நின்று, கட்டைவிரலால் தட்டியும் உதிரவில்லை என்றால் கிளறாதீர்கள். ஈரத்தில் கிளறிய மண் காய்ந்ததும் செங்கல்லாகும். பக்கவாட்டில் வாய்க்கால் மட்டும் கீறிவிட்டு, இரண்டு மூன்று நாள் வெயில் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

4. உரம்: மழைக்கு முன்னால் கை நீட்ட வேண்டாம்

செடி மஞ்சளாகிறதே என்று டிசம்பரில் உரம் வாரிப் போடுவது பழகிப்போன தவறு. தழைச்சத்து தண்ணீரோடு கரைந்து ஓடக்கூடியது. இன்று போட்டது நாளைய மழையில் சாக்கடைக்குப் போகும். மிஞ்சியது, மூச்சுத் திணறும் வேரைச் சுடும்.

மெதுவாகக் கரையும் குருணை உரத்தை நவம்பர் முதல் வாரத்தில் ஒரு முறை, பையில் சொன்ன அளவில் பாதி. அப்புறம் ஜனவரி நடுப்பகுதி வரை கம்போஸ்ட் மட்டும், கைப்பிடி அளவு. கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறவர்கள் இந்த மாதங்களில் அதை நிறுத்திவிடுங்கள். ஈர மண்ணில் அது புளித்து நாறும், ஈ மொய்க்கும், காரிடாராக இருந்தால் பக்கத்து வீட்டோடு உறவும் புளிக்கும்.

கம்போஸ்ட் தொட்டியை மூடி வையுங்கள். நனைந்து கூழானால் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டுக் கிளறுங்கள். காய்கறித் தோல் ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகும் அட்டையும் சேர்ந்து இரண்டு மூன்று பங்கு.

5. எதை வைக்கலாம், எதை விட்டுவிடலாம்

தண்ணீர் பிடித்த செடிகளுக்கு இது கொண்டாட்டம். கங்குங் (வள்ளைக்கீரை), வல்லாரை, சேம்பு, பாண்டான் இலை, இவற்றைப் பாத்திக்குக் கொடுங்கள். கங்குங்குக்கு விதைகூட வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளை இரண்டு கணு வருமாறு வெட்டி, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி செருகினால் மூன்று நாலு வாரத்தில் அறுக்கலாம். இலைக்கு அடியில் வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் அது வெண்துரு. அந்தத் தண்டுகளை அடியோடு அறுத்துக் குப்பையில் போடுங்கள்.

கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் மற்ற மாதங்களில் இங்கே சூடு தாங்காமல் சீக்கிரம் பூத்துவிடும். மழை விடாமல் பெய்யும் நாட்களில் வெப்பம் 22, 23 டிகிரிக்கு இறங்குகிறது. அது அவற்றுக்குப் பிடிக்கும். ஆனால் மழைத்துளி பிடிக்காது. ஆகவே கூரைக்குக் கீழே, தெற்கு பார்த்த காரிடாரில், ஆழம் குறைந்த தட்டில். வருடத்தில் நான் கொத்தமல்லி விதைப்பது இந்த ஒரு பருவத்தில் மட்டும்.

தக்காளியை விட்டுவிடுங்கள். பிப்ரவரியில் பார்த்துக்கொள்ளலாம். மிளகாய் ஏற்கெனவே இருந்தால் காப்பாற்றுங்கள், புதிதாக நட வேண்டாம். மழையில் பூ உதிரும், காயில் குழிந்த கரும்புள்ளி விழும். அப்படி விழுந்த காயை அன்றே பறித்தெறியுங்கள்.

கறிவேப்பிலையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மேல்மண் விரல் நுனி அளவு காயும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள், கிளையை வெட்டாதீர்கள், உரம் போடாதீர்கள். சமையலுக்கு நாலு இணுக்கு பறிப்பதோடு சரி. கவாத்து ஜனவரி கடைசியில்.

6. விதைப்பு காரிடாரில், நடவு பாத்தியில்

தண்டுக்கீரை விதையைப் பாத்தியில் தூவிவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் விதையெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். பொடி விதையை மழை அடித்துச் சேர்த்துவிடும். முளைத்தாலும், தரையை ஒட்டித் தண்டு நூலாக இளைத்து ஒரே இரவில் சாய்ந்துவிடும், நாற்றழுகல்.

கூரைக்குக் கீழே தட்டில் விதைத்து, அடர்த்தியைக் குறைத்து, நாலு இலை வந்ததும் கரைமேல் நடுங்கள். நட்ட நாற்றுக்கு ஒரு வாரம் மேலே குடை வேண்டும். ஐந்து லிட்டர் தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டுக் கவிழ்த்தால் போதும். பெரிய கூடாரம், நிழல்வலைச் சட்டம் கட்டுவதற்கு முன் உங்கள் பூங்காவின் விதிகளைப் படியுங்கள்.

7. மழை விடாத நாட்கள்

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். சாய்ந்ததை நிமிர்த்திக் கட்டுங்கள், மண் தெறித்த அடியிலைகளைக் கிள்ளுங்கள், வாய்க்காலைத் திறந்து வையுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது செடிக்குச் செடி கை வைத்துக்கொண்டு போனால் நோயை நீங்களே சுமந்து போகிறீர்கள்.

நவம்பர் பிற்பகல்களில் இடி மின்னலும் அதிகம். பூங்கா திறந்த வெளி. இடிச் சத்தம் கேட்டால் கைமுள்ளைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடிக்கு வேண்டாம்.

8. தட்டு, மூங்கில், கொசு

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். அதனால் தோட்டத்தைச் சுற்றிவரும் வேலை வாரம் ஒரு முறைக்குக் குறையக் கூடாது. முட்டை ஈரமில்லாமலும் பல மாதம் உயிரோடு கிடக்கும்; தட்டின் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நான் நவம்பர் முதல் ஜனவரி வரை தட்டுகளையே எடுத்துவிடுகிறேன். வேருக்கும் அதுதான் நல்லது.

தட்டை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். புடலைக்கும் அவரைக்கும் ஊன்றிய மூங்கில் கம்பை யாரும் பார்ப்பதில்லை. மேல்நுனியில் வெட்டுவாய்க்கும் கணுவுக்கும் நடுவில் ஒரு சின்னக் குவளை. மழை வந்தால் நிரம்பும். ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்தபோது என் கம்பில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. கணுவை ஒட்டி வெட்டுங்கள், அல்லது மணலை நிரப்பி அடைத்துவிடுங்கள்.

இறுகிப்போன தொட்டி மண்ணின் மேலே நிற்கும் தண்ணீர், மடிந்த பிளாஸ்டிக் விரிப்பு, கவிழ்க்காத பூவாளி, இவையும் அதே கணக்கு. மேல்மண்ணைக் கொத்திவிடுங்கள். கொட்ட முடியாத இடத்தில் பிடிஐ குருணை.

9. ராத்திரி ஒன்பது மணி வேலை: நத்தை

ஆப்பிரிக்க ராட்சச நத்தை ஒரே இரவில் ஒரு தட்டு நாற்றை முடித்துவிடும். முட்டை ஓடும் காப்பித்தூளும் போட்டுப் பார்த்துவிட்டேன். நனைந்த பிறகு நத்தை அதன்மேல் ஏறிப் போகிறது. உப்பைப் பாத்தியில் தூவினால் நத்தையோடு மண்ணும் போய்விடும்.

பலன் தருவது ஒன்றுதான். மழை விட்ட இரவு, கையுறை போட்டு, டார்ச்சோடு போய்ப் பொறுக்கி, உப்புத்தண்ணீர் வாளியில் போடுவது. மூன்று இரவு தொடர்ந்து செய்தால் குறையும். வெறுங்கையால் தொட வேண்டாம். நத்தையில் இருக்கும் ஒட்டுண்ணிப் புழு மனிதரின் மூளை உறையைத் தாக்கக்கூடியது. பாத்திக் கீரையை நன்றாக அலசிச் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும், பச்சையாக வேண்டாம்.

மூடாக்குச் சருகை இந்த மாதங்களில் மெல்லிதாக வையுங்கள். தடிப்பாகப் போட்டால் நத்தைக்கு விடுதி கட்டிக் கொடுத்தது போல.

10. செடி வாடுகிறது: தண்ணீரா, நோயா?

ஈர மண்ணில் நின்றபடியே செடி வாடினால் பதற்றத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் அடையாளம் காணுங்கள்.

அடியிலைகள் மஞ்சளாகி, மண்ணை முகர்ந்தால் சாக்கடை வாடை அடித்தால் அது நீர்தேக்கம். தொட்டியிலிருந்து செடியை மண்ணோடு உருவி, பழுப்பாகிக் குழைந்த வேர்களை வெட்டி, புது மண்ணில் வைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

இலைகள் பச்சையாகவே இருந்து மதியத்தில் தொங்கி, மாலையில் நிமிர்ந்து, நாலைந்து நாளில் மொத்தமாகச் சாய்ந்தால் பாக்டீரியா வாடல். கத்திரி, தக்காளி, மிளகாய் குடும்பத்தைத்தான் அதிகம் பிடிக்கும். உறுதி செய்ய ஒரு சோதனை: தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் முங்கும்படி அசைக்காமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று கீழே இறங்கும். முதல் முறை அதைச் சமையலறை விளக்கில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. அப்புறம் கணக்குப் போட்டேன்: ஒன்பது கத்திரிச் செடி.

இதற்கு மருந்து கிடையாது. செடியையும் வேரைச் சுற்றியுள்ள மண்ணையும் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கம்போஸ்ட்டில் போட்டால் அடுத்த வருடம் பாத்தி முழுக்கப் பரப்பியவர் நீங்களே. கத்தியைச் சாராயக் கிருமிநாசினியால் துடையுங்கள். இரண்டரை சதுர மீட்டரில் பயிர்ச்சுழற்சி என்பது பேச்சளவில்தான் முடியும். நான் அந்தப் பாத்தியைக் கங்குங்குக்கும் கீரைக்கும் விட்டுவிட்டு, கத்திரியைப் புது மண் தொட்டியில் வளர்க்கிறேன்.

11. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு

பாத்தியை மழை பார்த்துக்கொள்ளும். காரிடார்தான் பிரச்சினை, கூரை இருப்பதால் அங்கே மழை சரியாக விழாது. கிளம்பும் முன் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து, வாளிகளைக் கவிழ்த்து, தொட்டிகளை நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். சேர்ந்திருந்தால் மெதுவாகக் காயும்.

யாரிடமாவது ஒப்படைத்தால் சொல்வதை எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். எங்கள் எதிர் வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மா) "கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போன வருடம், அவர் பாசத்தோடு தினமும் இரண்டு வேளை ஊற்றினார். கறிவேப்பிலை போயிற்று. இப்போது தொட்டிமேல் ஒட்டிவிடுகிறேன்: புதன், ஞாயிறு, ஒரு குவளை.

திரும்பும்போது ஊரிலிருந்து பதியன் கொண்டுவர ஆசை வரும். செடிக்கு இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றிதழும் வேண்டும். அதில்லாமல் பெட்டிக்குள் சுருட்டி வைக்க வேண்டாம்.

12. பொங்கல் மஞ்சள்

சித்திரையில் நட்ட மஞ்சளின் இலை டிசம்பரில் மஞ்சளாகத் தொடங்கும். நோய் இல்லை, முற்றுகிறது. தண்ணீரும் உரமும் கொடுத்துத் திரும்பப் பச்சையாக்கப் பார்த்தால் கிழங்கு அழுகும். பானையில் கட்டப் பச்சை இலையோடு கொத்து வேண்டும் என்றால் ஆடியில் இன்னொரு தொட்டியில் நாலு துண்டு நட்டு வையுங்கள். கிழங்கு சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும், இலை பொங்கலன்று பச்சையாக நிற்கும். தேக்காச் சந்தையில் அந்த வாரம் கொத்து வாங்க நெரிசலில் நிற்கும் வேலை மிச்சம்.

13. தை பிறந்ததும்: செய்ததைத் திருப்பிச் செய்யுங்கள்

மழைக்காலத்தில் கீழ்மண்ணில் காற்று இல்லாததால் வேர்கள் மேலாகவே படர்ந்திருக்கும். ஜனவரி கடைசியில் மழை நின்று, வடகிழக்குக் காற்று வறட்டுக் காற்றாக அடிக்கத் தொடங்கும்போது முதலில் காய்வது அந்த மேல்மண்தான். பிப்ரவரியில் செடி பொசுக்கென்று சாகும் காரணம் இதுவே. தைப்பூச வாரம் விருந்தாளிகளோடு ஐந்து நாள் பாத்திப் பக்கம் போகாமல் இருந்து நானும் கற்றுக்கொண்டேன்.

மழை இல்லாத மூன்றாவது நாளே தொடங்குங்கள். முதல் வாரம் தினமும் காலையில், மண் ஒரு சாண் ஆழம் நனையும்வரை. அடுத்த வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே ஆழம். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பது வேரை மேலேயே பிடித்து வைக்கும்.

அதே வாரத்தில் நடு வாய்க்காலைப் பாதி மூடி, மெல்லிதாக வைத்த மூடாக்கை ஐந்து சென்டிமீட்டர் தடிமனுக்குக் கூட்டுங்கள், தண்டை மட்டும் தொடாமல். நத்தைகள் இப்போது அடங்கியிருக்கும். நிறுத்திய உரத்தைச் சிறிய அளவில் தொடங்குங்கள். கறிவேப்பிலையைக் கவாத்து செய்யுங்கள், தக்காளி நாற்றை நடுங்கள்.

தேங்காய் நார்த்தூள் கலந்த தொட்டி ஒரு முறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றியது தொட்டியின் ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும். ஊற்றினோம் என்ற திருப்தி நமக்கு, செடிக்கு ஒன்றுமில்லை. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், எடையே இல்லாமல் வந்தால் ஒரு பேசின் தண்ணீரில் இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை அரை மணி நேரம் வையுங்கள்.

மார்ச் நாலாவது வாரம் வடக்கு பார்த்த காரிடாருக்கு வெயில் திரும்புகிறது. மறுபடி ஒரு முறை படம் எடுத்து, அக்டோபர் படங்களோடு ஒப்பிட்டுத் தொட்டிகளை நகர்த்துங்கள். பொங்கலுக்குத் தோண்டியதில் எடுத்து வைத்த மஞ்சளில் இந்நேரம் முளை எட்டிப் பார்த்திருக்கும். முளை மேலே வரும்படி, இரண்டு அங்குல ஆழத்தில், சித்திரை முதல் வாரத்தில் ஊன்றிவிடுங்கள்.